கடவுச்சீட்டுக்குக் கொடுக்கும் சம்பளம்

பிழைக்கப் போன மொழி – 9

1860 அக்டோபரில் மதராஸ் கரையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை அந்தக் கப்பலில் தொடங்குகிறது. அதில் ஏறிய அண்ணனின் வம்சத்தில் வந்த ஒரு பெண் இன்று டர்பனில் கணக்கியல் பட்டம் பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையிலேயே நின்றுவிட்ட தம்பியின் வம்சத்துப் பெண் சென்னையில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., பி.எட். முடித்துப் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். தென் கொரியாவில் பள்ளி விட்டபின் நடக்கும் தனியார் ஆங்கில வகுப்புகளுக்கு இருவரும் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால், டர்பன் பெண்ணுக்குக் கதவு திறக்கும். அவர் ஒருநாள்கூடக் கரும்பலகை முன் நின்றதில்லை என்பது ஒரு பொருட்டே இல்லை. சென்னை ஆசிரியைக்குக் கதவு திறக்காது. இருவரின் மூதாதையரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து தமிழ் பேசியவர்கள்தான். ஒருவர் கப்பல் ஏறினார், மற்றவர் ஏறவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

விதி இதுதான். கொரியா அந்நிய மொழி ஆசிரியர்களுக்குத் தருவது இ-2 விசா. ஆங்கிலத்துக்கு இதைப் பெற அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்கவேண்டும். கூடவே ஏதாவது ஒரு பட்டம், போலீஸ் சான்று, மருத்துவச் சான்று. எந்தப் பாடத்தில் பட்டம் என்ற கேள்வி இல்லை. இந்தியாவுக்கு மட்டும் ஒரு சிறு ஜன்னல் உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகலாம். ஆக, ஏழு நாட்டாருக்குப் பிறப்பு போதும். நமக்குப் பயிற்சியும் வேண்டும். பயிற்சி என்பது அவசியமானது என்று இந்த ஒப்பந்தம் ஒப்புக்கொள்கிறது என்றால், மற்ற ஏழு நாட்டாரிடம் அது ஏன் கேட்கப்படுவதில்லை? இந்தக் கேள்வியை வழக்கமாக ‘நமக்கு அநீதி’ என்ற கோணத்தில் எழுப்பி முடித்துவிடுவார்கள். என் வாதம் வேறு. இந்த விதி வெளியே நிறுத்தப்பட்டவரை மட்டும் வஞ்சிக்கவில்லை. உள்ளே அழைக்கப்பட்டவரையும் அதே கையால்தான் வஞ்சிக்கிறது.

முதலில் அந்தச் சந்தையைப் பார்ப்போம். கொரியாவின் தனிப்பயிற்சிக் கூடங்களுக்கு ‘ஹாக்வோன்’ என்று பெயர். 1980இல் ராணுவ ஆட்சியாளர் சுன் டூ-ஹ்வான் தனிப்பயிற்சியையே தடைசெய்தார். தடையை 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்துசெய்தது. அதன்பின் அரசால் முடிந்ததெல்லாம் நேரக் கட்டுப்பாடு போடுவதுதான். சோல் நகரில் இரவு 10 மணிக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது என்பது அப்படி வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே ஆண்டுதோறும் சுருங்குகிறது. 2023இல் சுமார் 52.1 லட்சம், 2024இல் 51.3 லட்சம். ஆனால் தனிப்பயிற்சிச் செலவு அதே ஓராண்டில் 27.1 லட்சம் கோடி வொன்னிலிருந்து 29.2 லட்சம் கோடியாக ஏறியிருக்கிறது. பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஏதாவது ஒரு பயிற்சிக்குப் போகிறார்கள். பாடங்களில் அதிகப் பணத்தை விழுங்குவது ஆங்கிலம். பள்ளிப் பாடத்திட்டத்தில் மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்குகிறது; ஆனால் மத்தியானம் பள்ளி வாசலில் காத்திருக்கும் மஞ்சள் வேன்களில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளும் ஏறுகிறார்கள். வேன் நிற்கும் கட்டடத்தில் கீழே மருந்துக்கடை, நடுவில் கணக்கு ஹாக்வோன், மேலே ஆங்கில ஹாக்வோன். படியேறும்போது மின்-ஜுனாக இருந்த பையன் வகுப்புக்குள் நுழைந்ததும் ‘கெவின்’ ஆகிவிடுகிறான்.

கெவினுக்கு எதிரே நிற்பவரைக் கொரிய மொழியில் ‘வொனோமின்’ என்கிறார்கள். மூலமொழிக்காரர் என்று பொருள். அவர் எதற்காக அமர்த்தப்படுகிறார் என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். கொரியப் பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதுவது ‘சுனுங்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு. அதன் ஆங்கிலத் தாளில் 45 கேள்விகள். 17 கேட்டு எழுதுபவை, மற்றவை படித்து எழுதுபவை. கேட்கும் பகுதி நடக்கும்போது சத்தம் கூடாது என்று நாடு முழுக்க 35 நிமிடம் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அவ்வளவு பயபக்தியுள்ள தேர்வில் பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. அதனால் தேர்வு நெருங்கும் வயதில் பிள்ளைகள் வெளிநாட்டு ஆசிரியரை விட்டுவிட்டு, இலக்கணத்தையும் வினாத்தாளையும் கரைத்துக் குடித்த கொரிய ஆசிரியரிடம் போகிறார்கள். வெளிநாட்டவரின் ராஜ்ஜியம் பெரும்பாலும் மழலையர் வகுப்பிலும் தொடக்கப் பள்ளி வயதிலும்தான். அங்கே பெற்றோர் காசு கொடுத்து வாங்குவதில் ஆங்கிலப் பாடம் பாதி. ‘எங்கள் பிள்ளைக்கு அந்நியர் முன் கூச்சமில்லை’ என்ற திருப்தி மீதி. அந்தத் திருப்திக்கு முகமும் கடவுச்சீட்டும் போதும். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பதும், கறுப்பினத்தவரும் ஆசிய முகம் கொண்ட அமெரிக்கர்களும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று தொடர்ந்து முறையிடுவதும் இதனால்தான்.

இனி, அமர்த்தப்பட்டவரின் நிலை. பிறப்பு ஒன்றே தகுதி என்றால், அதே பிறப்புள்ள யாரும் அவருடைய இடத்துக்கு வரலாம். பத்து வருட அனுபவம் அவருடைய விலையை உயர்த்தாது. நேற்றுப் பட்டம் வாங்கியவரும் அதே வேலைக்குப் போதும். சம்பளக் கணக்கு இதைச் சொல்லும். கொரியாவில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2008இல் மணிக்கு 3,770 வொன். 2025இல் அது 10,030 வொன். இரண்டரை மடங்குக்கும் மேல். இந்த இடைவெளியில் ஹாக்வோனில் புதிதாகச் சேரும் வெளிநாட்டு ஆசிரியரின் மாதச் சம்பளம் பெரும்பாலும் 20 லட்சம், 25 லட்சம் வொன் என்ற எல்லைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. முழுநேரக் குறைந்தபட்ச ஊதியமே 2025 கணக்கில் மாதம் கிட்டத்தட்ட 21 லட்சம் வொன் ஆகிறது. ஒருகாலத்தில் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போகாமலேயே கால்மாட்டுக்கு வந்துவிட்டார். இடையில் பேரம் பேச அவரிடம் தொழில் ஒன்றும் இல்லை. கொண்டுவந்தது கடவுச்சீட்டு மட்டும். அது அடுத்தவரிடமும் இருக்கிறது.

விசாவும் அவரை நம்பித் தரப்படுவதில்லை. அமர்த்தும் முதலாளியை நம்பித் தரப்படுகிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு இடம் மாறவேண்டுமானால் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்பது வழக்கம். தங்கும் ஒற்றை அறையும் முதலாளி எடுத்துக்கொடுத்தது. வேலை போனால் வீடும் போகும், நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். ஓராண்டு முழுதாக வேலை பார்த்தவருக்குக் குறைந்தது ஒரு மாதச் சம்பளத்தை முடிவுப் பணமாகத் தரவேண்டும் என்கிறது கொரியச் சட்டம். அதனாலேயே பதினோராம் மாதம் வெளியே அனுப்பிவிடுகிறார்கள் என்ற புகார் இந்தத் தொழிலில் பழங்கதை. சந்தேகமும் அவர்மேல்தான். 2007இல் விதிகள் இறுகியபோது இ-2 ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயமாயிற்று. அதே வேலை பார்க்கும் கொரியருக்கும், கொரிய வம்சாவளி வெளிநாட்டவருக்கும் அது கிடையாது. உல்சான் நகரில் பணியாற்றிய நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் 2009இல் மறு பரிசோதனைக்கு மறுத்தார், வேலை நீட்டிக்கப்படவில்லை. ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவுக்குப் போனார். 2015இல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 2017இல் அந்த விதி நீக்கப்பட்டது. ‘நீ யார்’ என்று பார்த்து வேலை கொடுக்கும் இடத்தில், ‘நீ யார்’ என்று பார்த்துச் சந்தேகப்படுவதும் நடக்கும்.

இதற்கு முதல் மறுப்பு: யாரும் அவர்களைக் கையைக் கட்டி இழுத்துவரவில்லையே? சம்பளத்தோடு வீடு, பெரும்பாலும் விமானக் கட்டணம், ஒரு வருடம் புது நாடு. கல்லூரிக் கடனை அடைக்க வருகிறார்கள், அடைத்துவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்காகக் கண்ணீர் விட என்ன இருக்கிறது? நியாயமான கேள்விதான். கொரியத் தொழிற்சாலைகளில் உழைக்கும் நேபாளி, வியட்நாமித் தொழிலாளிகளின் கஷ்டத்தோடு இதை ஒப்பிட்டால் கேலிக்கூத்தாகிவிடும். ஆனால் இங்கே நான் கேட்பது கண்ணீர் அல்ல, கணக்கு. ஒரு வருடத்தில் போய்விடுவார் என்று தெரிந்தே அமர்த்தப்படும் ஆசிரியருக்கு யாரும் பயிற்சி தரப்போவதில்லை, அவரும் கற்கப்போவதில்லை. வருடாவருடம் புதுமுகம், வருடாவருடம் ‘ஏ ஃபார் ஆப்பிள்’. இதில் முதலில் நஷ்டப்படுவது கெவினாக மாறிய மின்-ஜுன்.

இரண்டாவது மறுப்பு உச்சரிப்பு. தாய்மொழியாகப் பேசுபவரிடம் கற்றால்தான் சுத்தமாக வரும் என்ற நம்பிக்கை. ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி 1961இல் உகாண்டாவின் மேக்கரெரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டோடு இந்த நம்பிக்கையைத் தொடர்புபடுத்தி, அதை ஒரு மாயை என்று 1992இல் எழுதியவர் ராபர்ட் பிலிப்சன் என்ற பிரிட்டிஷ்காரரே. கொரிய விதியும் தன்னையறியாமல் அவரோடு உடன்படுகிறது. தென்னாப்பிரிக்கர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஜூலு, கோசா, ஆஃப்ரிகான்ஸ் போன்றவை. அதனால் அவர்களிடம் மட்டும் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். அதாவது ஆங்கிலம் பள்ளிக்கூடத்திலும் வரும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். டர்பன் பள்ளிக்கூடத்தில் வருவது சிங்கப்பூர் பள்ளிக்கூடத்தில் வராதா? இன்னொரு வேடிக்கை, ஆயிரக்கணக்கான கொரியர்கள் விமானம் ஏறி பிலிப்பைன்ஸின் பாகியோவுக்கும் செபுவுக்கும் போய், அங்குள்ள ஆசிரியர்களிடம் ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். அதே ஆசிரியர் இ-2 விசா கேட்டால் கிடைக்காது. 2024இல் சோல் மாநகராட்சி 100 பிலிப்பைன்ஸ் பெண்களைக் குழந்தை பராமரிப்புக்கு வரவழைத்தபோது, வசதியான கங்னாம் பகுதிக் குடும்பங்கள் ஆர்வம் காட்டியதற்கு அவர்களுடைய ஆங்கிலமும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. தொட்டில் பக்கத்தில் செல்லுபடியாகும் ஆங்கிலம் கரும்பலகை பக்கத்தில் செல்லாக்காசு. மின்-ஜுன் வளர்ந்து எங்கே ஆங்கிலம் பேசப்போகிறான் என்பதையும் யோசிக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாராகிறது. அங்கே கொரிய மேலாளரும் தமிழ் இன்ஜினீயரும் பேசிக்கொள்ளும் ஆங்கிலம் இருவருக்குமே தாய்மொழி அல்ல. கார் நன்றாகத்தான் ஓடுகிறது.

மூன்றாவது மறுப்பு நிர்வாகத்துடையது. ஒவ்வொருவரின் மொழியையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது, கடவுச்சீட்டு சுலபமான சல்லடை என்பார்கள். பக்கத்து நாடான ஜப்பான் 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் பெரும்பான்மை அமெரிக்கர்கள்தான் என்றாலும், ஜமைக்கா, டிரினிடாட், சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ்காரர்களும் அரசுப் பள்ளிகளில் உதவி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். விண்ணப்பத்தைப் படித்து, நேர்காணல் நடத்தி எடுக்கிறார்கள். முடியாத காரியம் ஒன்றும் இல்லை. சல்லடை சுலபமாக இருக்கலாம். அது உமியை வைத்துக்கொண்டு அரிசியைக் கீழே விடுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கடைசி மறுப்புதான் கனமானது. விதியைக் குறை சொல்லி வெளிநாட்டு ஆசிரியரையே வேண்டாம் என்றால், அடிபடுவது ஏழைப் பிள்ளை. பணக்காரர் எப்படியும் வாங்கிக்கொள்வார். இதற்குச் சான்று உண்டு. பாடத்திட்டத்தை முந்திக் கற்பிக்கக் கூடாது என்ற 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2018 மார்ச்சில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளிக்குள்ளேயே குறைந்த கட்டணத்தில் நடந்துவந்த மாலை நேர ஆங்கில வகுப்புகள் நின்றன. ஹாக்வோன்களுக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோர் கொதித்தார்கள், ஓராண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. அதேபோல 2008இல் தொடங்கிய ‘டாக்’ திட்டம், ஆங்கிலம் பேசும் நாடுகளின் கல்லூரி மாணவர்களைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு வாரம் 15 மணி நேர மாலை வகுப்புக்கு அனுப்பியது. ஹாக்வோன் எட்டிப்பார்க்காத ஊர்களில் அந்நியர் ஒருவர் வந்து பேசியதே பெரிய விஷயம். 2021இல் அது முடிந்துபோனது. ஆகவே வெளிநாட்டு ஆசிரியர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த ஒருவர்தான் என்றால், அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறேன். வசதியுள்ள பிள்ளை, ஆசிரியர் சரியில்லை என்றால் அடுத்த மாடிக்குப் போய்விடும்.

செய்யவேண்டியது பெரிய புரட்சியும் இல்லை. இந்தியருக்கு வைத்திருக்கும் நிபந்தனையை, அதாவது பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் என்பதை, எல்லோருக்கும் வைக்கலாம். அதை நிறைவேற்றுகிறவர் எந்த நாட்டவராயினும் விடலாம். விசாவை முதலாளியின் கையிலிருந்து எடுத்து ஆசிரியரின் கையில் கொடுக்கலாம். அப்போது தொழில் தெரிந்தவருக்குப் பேரம் பேச ஏதாவது இருக்கும். பதினோராம் மாதம் அனுப்பிவிட்டு இன்னொருவரைப் பிடிப்பது அவ்வளவு லாபமாக இராது. டர்பன் பெண்ணும் வரட்டும், பயிற்சி பெற்று வரட்டும். சென்னை ஆசிரியையும் வரட்டும். இருவரையும் ஒரே வகுப்பில் நாற்பது நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டு, யாரை எடுப்பது என்று முடிவுசெய்யட்டும். அந்த நாற்பது நிமிடத்தில் கடவுச்சீட்டு கைப்பைக்குள்ளேயே இருக்கலாம்.

(அடுத்த வாரம்: பாகியோ மலையில் ஆங்கிலம் படிக்கும் கொரியர்கள்)