பொங்கல் பானை முதல் ஃபேர்வெல் புடவை வரை... மகளிர் கல்லூரிக் கொண்டாட்டங்கள் வெறும் டைம்பாஸா?

காலை நேரத்தில் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலின் லேடீஸ் கோச்சில் ஏறிப் பாருங்கள். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் என ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கழுத்தில் ஐ.டி கார்டும் மடியில் ரெக்கார்டு நோட்டுமாக ஒரு கூட்டம் ஏறும், ஒரு கூட்டம் இறங்கும். பூந்தமல்லிப் பக்கம் இதே காட்சி பஸ்ஸில்.

இவர்களில் பெரும்பாலானோர் டே ஸ்காலர்கள். ஹாஸ்டல் அரட்டை, நள்ளிரவு நூடுல்ஸ் கதையெல்லாம் இவர்களுக்குக் கிடையாது. முதல் பெல்லுக்கும் கடைசி பெல்லுக்கும் நடுவில் இருக்கும் சில மணி நேரம்தான் மொத்த காலேஜ் லைஃபும். ஷிஃப்ட் முறையில் நடக்கும் கல்லூரி என்றால் அது இன்னும் சுருங்கும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் இத்தனை கொண்டாட்டங்களும் நடக்கின்றன. எதற்காக?

வருஷம் முழுக்க ஒரு காலண்டர்

சேர்ந்ததும் ஃப்ரெஷர்ஸ் டே. ஜூனியர்களைப் பேச வைத்து, பாட வைத்து, பெயரைத் தெரிந்துகொள்ளும் நாள். பிறகு துறை மன்றத் தொடக்க விழா. எத்னிக் டே வந்தால் கேம்பஸே பட்டுப்பாவாடையும் தாவணியுமாக மாறிவிடும். ஜனவரியில் பொங்கல். அதற்கப்புறம் ஸ்போர்ட்ஸ் டே, கல்ச்சுரல்ஸ், காலேஜ் டே. கடைசியாக, இறுதியாண்டு மாணவிகள் புடவையில் வந்து கண் கலங்கி நிற்கும் ஃபேர்வெல்.

இதில் பொங்கலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துறைக்கு ஒரு பானை, ஒரு கோலம் என்று வைத்துக்கொண்டால், தலைக்கு எவ்வளவு வசூல், கொடுக்க முடியாதவர்களை எப்படிச் சமாளிப்பது, வெல்லம், செங்கல், விறகு யார் வாங்குவது, மீதிக் காசுக்கு யார் கணக்குச் சொல்வது என அத்தனையும் முடிவு பண்ண வேண்டும். 'எங்க பானைதான் முதல்ல பொங்குச்சு' என்ற சண்டை நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் 19 வயதுப் பெண் ஒருத்தி ஒரு பட்ஜெட்டைப் போட்டு, நாற்பது பேரை வேலை வாங்கியிருப்பாள் என்பதுதான் வெளியே தெரிவதில்லை.

செகரட்டரியும் பெண், கேப்டனும் பெண்

சென்னையின் முதல் மகளிர் கல்லூரியான ராணி மேரி கல்லூரி 1914-ல் 37 மாணவிகளுடன் ஆரம்பித்தது. முதல் முதல்வர் டோரத்தி டி லா ஹே. அடுத்த ஆண்டே 41 மாணவிகளுடன் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. அதுவரை ஆண்கள் நிறைந்த கல்லூரிகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பெண்கள் படித்தார்கள். மகளிர் கல்லூரி என்று வந்தபோது ஒரு விஷயம் தானாக மாறியது. செகரட்டரி, பொருளாளர், டீம் கேப்டன், மைக் பிடிப்பவர், மேடைக்கு பெஞ்ச் தூக்குபவர் என எல்லா வேலையையும் பெண்களே செய்தாக வேண்டும். 'அதை பசங்க பார்த்துப்பாங்க' என்று ஒதுங்க வழியே இல்லை.

இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு 2003 சாட்சி. மெரினா எதிரில் இருக்கும் ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அன்றைய தமிழக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் போராடினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

'படிக்கப் போறியா, ஆடப் போறியா?'

கல்ச்சுரல்ஸ் ரிகர்சல் என்றதும் பல வீடுகளில் வரும் முதல் கேள்வி இது. இரண்டாவது, 'ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடுவியா?'

பெற்றோர்களே, பயம் நியாயமானதுதான். ஆனால், காலேஜ் நேரம் தவிர வேறெங்கும் தனியாகப் போக அனுமதியில்லாத பெண்ணுக்கு, நான்கு பேரை வழிநடத்திப் பழக வேறு இடம் இல்லை. எத்தனை மணிக்கு முடியும், பொறுப்பு மேடம் யார், யாருடன் திரும்பி வருவாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரிகர்சல் முடிந்து தாமதமானால் பஸ்ஸுக்கு என்ன செய்வது என்ற கவலையாவது குறையும்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. 'எல்லாரும் ஒரே கலர் புடவை' என்று நீங்கள் முடிவெடுக்கும் நாளில், 'உடம்பு சரியில்லைப்பா' என்று சொல்லி ஒருத்தி வராமல் இருப்பாள். பல நேரம் அது காய்ச்சல் இல்லை, காசு இல்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் அது. ஆனால், அது பஸ் மாறுவதற்கும் ஜெராக்ஸுக்கும் புத்தகத்துக்குமான பணம். ஃபேர்வெல் புடவைக்கு அதில் கை வைக்க வைக்காதீர்கள். அக்கா புடவையோ அம்மா புடவையோ போதும் என்று முடிவெடுத்தால் எல்லோரும் வருவார்கள்.

ஃப்ரெஷர்ஸ் டே என்ற பெயரில் ஜூனியரை அழவைப்பதும் பாரம்பரியம் இல்லை. தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. ஐ.டி கார்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொரட்டூரில் ஒரு பெயர்ப்பலகை

கொரட்டூரில் இருக்கும் மகளிர் கல்லூரிக்கு முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் பெயர். அவர் பிறந்தது பூந்தமல்லியை ஒட்டிய நசரத்பேட்டையில். அவருடைய மகள் சரோஜினி வரதப்பன், அந்தக் காலத்து வழக்கப்படி பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். பின்னாளில் மைசூர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் எம்.ஏ முடித்தார். முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 80. இடைப்பட்ட காலத்தில் மாதர் சங்கங்களை நடத்தி, 2009-ல் பத்மபூஷண் பெற்றார்.

முதலமைச்சர் வீட்டுப் பெண்ணுக்கே கல்லூரி நாள்கள் அந்த வயதில் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அது மூன்று வருடம் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை 'பொங்கல் விழாவுக்கு நான்தான் பொறுப்பு' என்று அவள் சொன்னால், 'எத்தனை கிலோ அரிசி போடப் போற?' என்று கேளுங்கள். கணக்கு அவளிடம் தயாராக இருக்கும்.