போனட்டில் டிசோட்டோ, உள்ளே பிளைமவுத்: தாத்தா காலத்து அமெரிக்க காரை அடையாளம் காண்பது எப்படி?

நீளமா இருந்தா இம்பாலா, குண்டா இருந்தா பிளைமவுத். பழைய அமெரிக்க கார்களை நம்ம ஊரில் அடையாளம் சொல்லும் முறை பெரும்பாலும் இவ்வளவுதான். அதற்கும் முந்தைய தலைமுறைக்கு இந்தக் குழப்பமே இல்லை. எந்த கார் தெருவுக்குள் வந்தாலும் 'பிளஷர் வந்துருச்சு' என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆனால் இன்று அந்தக் காரை விற்கவோ, வாங்கவோ, சட்டப்படி ரோட்டில் எடுக்கவோ வேண்டுமென்றால் பெயர் முக்கியம். பெயரைவிட எஞ்சின் முக்கியம்.

உதாரணத்துக்கு, ஆம்பூரில் ஒரு பழைய வீட்டு ஷெட்டில் தாத்தா வாங்கிய கார் தார்ப்பாய்க்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனட்டில் 'டிசோட்டோ' என்ற எழுத்து பளபளக்கிறது. ஆர்.சி. புக்கில் கையால் எழுதியது பாதி மங்கிவிட்டது. பார்க்க வந்த புரோக்கர், 'இது டிசோட்டோ இல்லீங்க பாய், சாதா பிளைமவுத். மேல மட்டும் மாத்தியிருக்காங்க' என்று விலையை இறக்குகிறார். அவர் பொய் சொல்கிறாரா?

பாதி உண்மை சொல்கிறார். மீதி பாதி மும்பை குர்லாவில் இருக்கிறது.

ஒரே கார், மூன்று பெயர்

வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் (பின்னாளில் பத்மினி தயாரித்த அதே கம்பெனி) அமெரிக்காவின் கிரைஸ்லருடன் ஒப்பந்தம் போட்டது. 1947 முதல் அதன் குர்லா ஆலையில் கிரைஸ்லர் குடும்பத்து கார்கள் பாகம் பாகமாக வந்து இறங்கி, பூட்டப்பட்டு வெளியே வந்தன. அந்தக் குடும்பத்தில் பிளைமவுத் கடைக்குட்டி. விலை குறைவு. அதற்கு மேலே டாட்ஜ், டிசோட்டோ, உச்சியில் கிரைஸ்லர்.

இது அமெரிக்காவில். ஏற்றுமதிச் சந்தைக்கு கிரைஸ்லர் வேறு கணக்கு வைத்திருந்தது. பிளைமவுத்தின் பாடியையும் சேசிஸையும் எடுத்து, முன்பக்க கிரில், எழுத்து, சில அலங்காரங்களை மட்டும் மாற்றி 'டாட்ஜ் கிங்ஸ்வே' என்றும், 'டிசோட்டோ டிப்ளமேட்' என்றும் விற்றது. அந்தக் காலத்து அமெரிக்க ஷோரூமில் போய் டிப்ளமேட் கேட்டால் கிடைக்காது. இந்தியாவில் கிடைத்தது. இப்போது மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்சாவும் அக்கா தங்கை மாதிரி நிற்கின்றன அல்லவா, அதே வித்தைதான்.

ஆக, ஷெட்டில் நிற்பது போலி டிசோட்டோ அல்ல. கம்பெனியே அந்தப் பெயரில் விற்ற கார். ஆனால் அமெரிக்க டிசோட்டோ புத்தகத்தில் இருக்கும் காரும் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் யூடியூப் பார்த்து, அமெரிக்க டிசோட்டோவுக்கான பாகங்களை டாலர் கொடுத்து வரவழைத்தால், கஸ்டம்ஸ் டியூட்டியும் கட்டிய பிறகு பாகம் உட்காராது.

டேப் போதும்

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், டெய்லர் டேப் நீளமாக இருந்தால் போதும். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை அளக்க வேண்டும். இதுதான் வீல்பேஸ். 1949 முதல் 1952 வரையிலான மாடல்களில் வழக்கமான பிளைமவுத் செடானுக்கு இது 118.5 அங்குலம். அமெரிக்க டாட்ஜ் கொரோனெட்டுக்கு 123.5. அமெரிக்க டிசோட்டோவுக்கு 125.5. போனட்டில் என்ன எழுதியிருந்தாலும் டேப்பில் 118.5 வந்தால், உள்ளே இருப்பது பிளைமவுத். எழுத்தைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் போதும், வீல்பேஸை மாற்ற முடியாது.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில் ஆர்.சி. புக்கை முழுசாக நம்பக் கூடாது. அதில் இருப்பது பல நேரம் பதிவு செய்த ஆண்டு. தயாரித்த ஆண்டு அதற்கு முந்தையதாக இருக்கலாம். எஞ்சின் எண்ணின் முதல் எழுத்துகள் இங்கே உதவும். 'பி15' என்று தொடங்கினால் 1946-48 பிளைமவுத். 'பி18' என்றால் 1949. 'பி20' 1950. 'பி23' 1951-52. 'பி24' 1953. டாட்ஜ் எஞ்சின்கள் 'டி' வரிசையில் வரும். 1946-48 டாட்ஜுக்கு 'டி24'. தமிழில் எழுதும்போது இன்னொரு 'டி'யும் இருக்கிறது, அதுதான் சிக்கல். ஆங்கில எழுத்து வரிசையில் நான்காவதாக வருவது டாட்ஜ் கார். இருபதாவதாக வருவது டிரக். லாரிக்குச் செய்த எஞ்சின் எப்போதோ காருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எண் எங்கே இருக்கும்? பிளாக்கின் இடதுபக்கம், முன்னால், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று கீழே ஒரு சின்ன தட்டையான பரப்பில். பல வருட கிரீஸ் மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டு துணியால் துடைக்கலாம். வயர் பிரஷ், கிரைண்டர் பக்கமே போகக் கூடாது.

போனட்டைத் திறந்ததுமே தெரியும் ஒரு விஷயம் உண்டு. கிரைஸ்லர் குடும்பத்து ஆறு சிலிண்டர் எஞ்சினில் வால்வுகள் பிளாக்குக்குள் பக்கவாட்டில் இருக்கும். அதனால் ஹெட் ஒரு தட்டையான இரும்புப் பலகை மாதிரி, மேலே ஆறு ஸ்பார்க் பிளக் வரிசையாக நிற்கும். அதே கால செவர்லே ஆறு சிலிண்டரில் வால்வுகள் மேலே. நீளமான தகர மூடி போட்டிருப்பார்கள், பிளக்குகள் பக்கவாட்டில் இருக்கும்.

கிரைஸ்லர் எஞ்சினிலும் இரண்டு அளவு உண்டு. அமெரிக்க பிளைமவுத்தின் ஹெட் சுமார் 23 அங்குல நீளம். அமெரிக்க டிசோட்டோ, கிரைஸ்லர் கார்களிலும் கனடாவில் செய்த பிளைமவுத்களிலும் சுமார் 25 அங்குலம். ஹெட் கேஸ்கட் வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டீசல் போட்ட தாத்தா

இதையெல்லாம் தேடி போனட்டைத் திறந்தால், ஸ்பார்க் பிளக்கே இல்லாமல் இன்ஜெக்டர்கள் நிற்கலாம். அதிர்ச்சி வேண்டாம். 3.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு, குறிப்பாக 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டின் சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பிரீமியரின் லாரிகளிலேயே பெர்க்கின்ஸ் வந்தது. தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு காரிலும் டீசல் மாட்டிக்கொண்டார்கள். ஒருவகையில் அந்தக் கார்கள் இத்தனை காலம் காயலான் கடைக்குப் போகாமல் பிழைத்ததற்கே அந்த டீசல்தான் காரணம்.

சிக்கல் இப்போது வருகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கான தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படுத்தாத டூவீலர், ஃபோர்வீலர்களுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டுக்குப் பின்னால் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

நிபந்தனைதான் கவனிக்க வேண்டியது: கார் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் விண்டேஜ் கணக்கில் சேராது. தாத்தா மாட்டிய டீசல் இங்கேதான் இடிக்கும். எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால், சாதாரண மறுபதிவுக்குப் போனாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எண் பொருந்தாமல் நிற்க வேண்டியிருக்கும். எனவே பழைய பெட்ரோல் எஞ்சின் ஷெட்டின் மூலையில் கிடந்தால், இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். காரைவிட அந்த இரும்புக்குத்தான் இப்போது மதிப்பு.

இம்பாலாவில் வேறு கதை

ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் நடத்திய ஆலையை 1954-ல் மூடியது. பிறகு இங்கே வந்த இம்பாலாக்களில் ஒரு பகுதி, தூதரகங்கள் ஓட்டிக் கழித்து எஸ்.டி.சி. எனப்பட்ட அரசு வர்த்தகக் கழகம் மூலம் கைமாறியவை. இவற்றில் கார் எண்ணே பாதி ஜாதகம். முன்கதவின் கீல் தூணில் உள்ள தகட்டில் 41847 என்று தொடங்கினால்: 4 என்பது 1964-ஆம் ஆண்டு மாடல், 18 என்பது வி8 எஞ்சின் போட்ட இம்பாலா, 47 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப். 18-க்குப் பதில் 17 இருந்தால் ஆறு சிலிண்டர்.

சந்தையில் பலரும் தேடும் 'சூப்பர் ஸ்போர்ட்' வகைக்கு 1964-ல் தனி எண் கொடுத்தார்கள்: வி8-க்கு 14, ஆறு சிலிண்டருக்கு 13. அதனால் 41847 என்று தகடு சொல்ல, பின்பக்கத்தில் 'எஸ்எஸ்' எழுத்து மின்னினால், அந்த எழுத்து பிறகு ஒட்டியது. ஆனால் 1962, 63-ல் இந்த வசதி தனி எண்ணில் வராது, வெறும் ஆப்ஷன். அங்கே தகட்டை வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

வி8 என்று தெரிந்தாலும் எந்த வி8? அதைத் தகடு சொல்லாது. எஞ்சினின் முன்பக்கம், வலதுபக்க ஹெட்டுக்கு முன்னால் உள்ள பரப்பில் அடித்த எண்ணின் கடைசி எழுத்துகள்தான் சொல்லும். ஹெட்டைக் கழற்றி பிளாக்கின் மேல்பரப்பை லேத் பட்டறையில் கடைந்து சமப்படுத்தினால், அந்த எழுத்துகளும் சேர்ந்தே போய்விடும். எஞ்சினை வேலைக்கு அனுப்பும் முன் செல்போனில் தெளிவாக ஒரு படம், ஆர்.டி.ஓ.வுக்கு எடுப்பதுபோல ஒரு பென்சில் பிரிண்ட், இரண்டும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டில் இன்னொரு சின்ன பட்டை இருக்கும். பாடி எண், பெயின்ட் எண், சீட் உறைக்கான டிரிம் எண் எல்லாம் அதில். லெதர் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் விடக் கூடாது. அந்தக் காலத்து சாதாரண அமெரிக்க செடான்களில் சீட் பெரும்பாலும் துணி அல்லது ரெக்சின்தான். லெதர் என்பது பெரிய சொகுசு கார்களுக்கும் திறந்த கூரை கார்களுக்கும் ஒதுக்கியது. ஆம்பூர் லெதர் போட்டால் சீட் அழகாகத்தான் இருக்கும், அசலாக இருக்காது.

கடைசியாக, கல்யாண சீசனில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு காரை வாடகைக்கு விட்டு செலவை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் கவனிக்க: விண்டேஜ் பதிவு வாங்கிய காரை வாடகைக்கோ, தினசரி ஓட்டத்துக்கோ பயன்படுத்த முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, இவற்றுக்குப் போய் வரலாம்.