அறைவெப்பம், மனம், அதிகாரம்

வெப்பம் என்றதும் நாம் தெர்மாமீட்டரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கட்டடங்களுக்குக் குளிரூட்டும் அளவுகளை வகுத்துக்கொடுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, 'வெப்ப சௌகரியம்' என்பதை டிகிரிக் கணக்கில் வரையறுக்கவில்லை. சுற்றியுள்ள வெப்பநிலையில் திருப்தி கொள்ளும் ஒரு மனநிலை என்பதே அதன் வரையறை. பொறியாளர்களே மனநிலை என்று ஒப்புக்கொண்ட ஒன்று எப்படி வெறும் எண்ணாக மாறியது? அந்த எண் யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது?

1970இல் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் வெளியிட்ட நூல்தான் இந்தச் சொல்லாடலின் மூலப்பிரதி. மூடிய சோதனை அறையில் கல்லூரி மாணவர்களை ஒரே மாதிரி உடையில் உட்காரவைத்து, குளிர்கிறதா, புழுங்குகிறதா என்று கேட்டுப் பெற்ற பதில்களே அதன் ஆதாரம். காற்றின் வெப்பம், சுவர்களிலிருந்து வரும் கதிர்வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், உடுத்தியிருக்கும் துணி, உடலுழைப்பு ஆகிய ஆறையும் சமன்பாட்டில் போட்டால், அறையிலிருப்பவர்கள் சராசரியாக என்ன உணர்வார்கள் என்பதை ஏழு படிகளில் சொல்லிவிடலாம். இந்த ஆறில் மனம் இல்லை. உட்கார்ந்திருந்த மாணவருக்கு ஜன்னலைத் திறக்கும் உரிமையும் இல்லை.

அந்த உடலும் எல்லோருடைய உடலும் அல்ல. துணிக்கான அளவுகோலான 'க்ளோ', கோட்டும் சூட்டும் போட்ட ஆளை வைத்து உருவானது. உடல் உண்டாக்கும் வெப்பத்துக்கான நிலையளவு சராசரி ஆணுடையது. பெண்களுக்கு அது 35 விழுக்காடு வரை கூடுதலாக மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்று கிங்மா, வான் மார்க்கன் லிக்டன்பெல்ட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். ஏசி அலுவலகத்தில் சால்வை போர்த்தியிருக்கும் பெண்ணைப் பார்த்து 'இவங்களுக்கு எப்பவும் குளிருதான்' என்று மனசின் கோளாறாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனம் வேறு வழியாக உள்ளே வந்தது. 1970களிலிருந்து பிரிட்டனின் ஹம்ப்ரீஸ், நிக்கோல் போன்றவர்கள் மக்கள் உண்மையில் புழங்கும் கட்டடங்களுக்குள் போய்க் கேட்டதை முன்வைத்து வாதிட்டார்கள். 1998இல் டி டியர், பிரேகர் இருவரும் பல நாடுகளில் 160 கட்டடங்களிலிருந்து கிடைத்த சுமார் 21,000 பதிவுகளை ஆராய்ந்தார்கள். முழுக்க ஏசி உள்ள கட்டடங்களில் ஃபாங்கரின் சமன்பாடு பெரும்பாலும் சரியாக வந்தது. ஜன்னல் திறக்கும் கட்டடங்களில் பொய்த்துப்போனது. வெளியே வெயில் ஏற ஏற, உள்ளே சௌகரியம் என்று மக்கள் சொன்ன வெப்பநிலையும் ஏறியது. துணியை மாற்றிக்கொள்வதும் காற்றைக் கூட்டிக்கொள்வதும் இதில் ஏறத்தாழப் பாதியைத்தான் விளக்கின. மீதிக்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு: எதிர்பார்ப்பு, கட்டுப்பாடு.

கத்திரி வெயில் காலத்து வெக்கையை வீட்டில் எதிர்பார்த்தே இருக்கிறோம். அதே வெக்கை ஏசி போட்ட கட்டடத்தில் வந்தால் ஏமாற்றப்பட்டதாகப் படுகிறது. இது எதிர்பார்ப்பு. ஜன்னலும் ஃபேன் ஸ்விட்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அவற்றைத் தொடாமலேகூடக் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இது கட்டுப்பாடு. நிர்வாகங்களுக்கும் இது தெரியும். அமெரிக்க அலுவலகங்கள் சிலவற்றில் எதனோடும் இணைக்கப்படாத போலி தெர்மோஸ்டாட்டுகளைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஊழியர் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய் உட்காருவார். அதிகாரம் கைமாறவில்லை, அதன் உணர்வு மட்டும் கைமாறியிருக்கிறது.

ஃபாங்கரும் விட்டுவிடவில்லை. 2002இல் டோஃப்டமுடன் சேர்ந்து, வெப்பநாடுகளின் ஏசி இல்லாத கட்டடங்களுக்காகத் தன் சமன்பாட்டின் விடையை 'எதிர்பார்ப்புக் காரணி' என்ற எண்ணால் பெருக்கினார். அதன் மதிப்பு 0.5 முதல் 1 வரை. கட்டுப்பாடு முக்கியக் காரணமல்ல என்று ஒதுக்கிவிட்டு, தலைமுறைகளாக வெக்கையில் வாழ்கிறவர்கள் அதைத் தங்கள் விதி என்று நம்பக்கூடும் என்றார். விதி என்கிற சொல் பொறியியல் கட்டுரைக்குள் நுழைந்த இடம் இது. சமன்பாடு நமக்கு எவ்வளவு புழுங்கும் என்று சொன்னாலும், அதில் பாதிவரை கழித்துக்கொள்ளலாம் என்றாகிறது.

2008 கோடையிலும் மழைக்காலத்திலும் ஐதராபாத் அடுக்குமாடி வீடுகளில் ஆய்வு செய்த மாதவி இந்திரகண்டி, அங்கிருந்தவர்கள் 29 டிகிரியை ஒட்டி இயல்பாக உணர்ந்ததைக் கண்டார். அப்போதைய இந்தியத் தர அளவோ 23 முதல் 26 டிகிரி. அந்த வீடுகளில் ஃபேனும் ஜன்னலும் பால்கனியும் மெல்லிய துணியும் இருந்தன. இவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறவர்களை விதியே என்று கிடப்பவர்களாக வாசிக்க முடியாது. சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் நடந்த ஆய்வை ஒட்டி, 2016இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்தத் தகவமைப்பு அணுகுமுறையை ஏற்றுக்கொண்டது. இது நல்ல விஷயம்; கரண்ட் மிச்சமாகும், கோட்டு சூட்டின் அளவுகோலிலிருந்து கொஞ்சம் விடுபடலாம்.

ஆனால் இதே வாதம் தகரக் கூரை போட்ட தையல் கூடத்து முதலாளியின் வாயில் 'அவங்களுக்குப் பழகிப்போச்சு' என்று மாறிவிடும். இங்கே இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன ஆய்வுகள் பேசுவது சௌகரியத்தைப் பற்றி, ஆபத்தைப் பற்றி அல்ல. மனம் புழுக்கத்தின் உணர்வைக் கூட்டலாம், குறைக்கலாம். வியர்வை ஆவியாக வழியில்லாத அறையில் உடலின் சூடு ஏறுவதை எந்த எதிர்பார்ப்பும் நிறுத்திவிடாது. எனவே, 'பழகிப்போச்சு' என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: அந்தக் கூடத்தின் ஜன்னலைத் தைக்கிறவள் திறக்கலாமா? ஸ்விட்ச் யார் கையில்? சூப்பர்வைசரைக் கேட்காமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க முடியுமா? இவற்றுக்கு இல்லை என்று பதில் வந்தால், அங்கே இருப்பது பழக்கம் அல்ல, கட்டாயம்.