செத்துக்கிட்டிருக்கும் ஊருக்கு ஒரு டிரிப்!

ரோம்ல இருந்து வடக்கே 120 கிலோமீட்டர் காரை விரட்டினா, குன்று உச்சியில இடைக்காலக் கிராமம் ஒண்ணு... சிவிட்டா டி பன்யோரேஜோ! ஆனா பாஸ், காரைப் பக்கத்து ஊர்லயே ஓரங்கட்டிடணும். நடைபாலம்தான் ஒரே வழி. தாண்டினா கல் வீடு, வளைவு வாசல்னு பழசு மாறாத தெருக்கள்.

எரிமலைச் சாம்பல் இறுகின பாறை மேல ஊர், அடியில களிமண். மழை அரிக்க அரிக்க, ஓரம் வீட்டோடு சரியுது. 1695 நிலநடுக்கத்துக்கு அப்புறம் பலர் காலி பண்ணிட்டாங்க. இத்தாலிக்காரங்க வெச்ச பட்டப்பேரே 'செத்துக்கிட்டிருக்கும் ஊர்'!

2013-ல நுழைவுக் கட்டணம் வெச்சாங்க. கூட்டம் குறையலை, எகிறுச்சு! பகல்ல பாலம் முழுக்கத் தலைகள். ராத்திரி தங்கி விளக்குப் போடுற உள்ளூர்க்காரங்களைத்தான் விரல் விட்டு எண்ணிடலாம்!