நத்தார் விடுமுறையும் நம் பிள்ளைகளின் கைகளும்

ஒக்லாந்தில் நத்தார் கோடைகாலத்தில் வருகின்றது. டிசம்பர் மூன்றாம் வாரமளவில் மூடப்படும் பாடசாலைகள் மீண்டும் திறக்க ஜனவரி முடிவோ பெப்ரவரி தொடக்கமோ ஆகிவிடும். அந்த வாரங்களில் நம் தமிழ்ப் பள்ளிக்கும் விடுமுறையே. மழலையர் வகுப்பிற் கற்பிக்கும் நாம் ஆண்டுதோறும் கண்டுவருவது ஒன்றுண்டு. விடுமுறை கழிந்து வரும் பிள்ளையிடம் பூனை, பால், பந்து என்னும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மடி, கோர், பின்னு, முடி என்னும் வினைச்சொற்களோ காணாமற் போயிருக்கின்றன.

இதற்குக் காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வீட்டில் நாம் பிள்ளையிடம் நாள் முழுவதும் வழங்கும் ஏவற்சொற்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தால் புரியும். வா, போ, சாப்பிடு, குளி, படு என்பவற்றுக்கு அப்பால் நாம் அதிகம் செல்வதில்லை. கைவேலை ஒன்றில் அமர்ந்துவிட்டாலோ கிழி, கிள்ளு, நறுக்கு, உருட்டு, சுற்று, ஒட்டு, தொங்கவிடு என்று சொற்கள் தாமாகவே வருகின்றன. சொல்லைக் கேட்ட கணத்திலேயே பிள்ளையின் கை அதனைச் செய்து முடிக்கின்றது. நத்தாரை ஒட்டிய சில எளிய கைப்பணிகளைப் பெற்றோருக்கு இங்கு விளக்க முற்பட்டது இந்த நோக்கத்துடனேயே.

'நத்தார்' என்னும் சொல் போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்பதிலிருந்து ஈழத்தமிழுக்கு வந்தது. தமிழ்நாட்டார் கிறிஸ்துமஸ் என்பர். எப்பெயரால் அழைப்பினும் அது கிறிஸ்தவரின் சமயத் திருநாள்; பரிசுப்பொதிகளின் திருநாளாக மட்டும் காட்டாது, இயேசு பாலனின் பிறப்பைக் கொண்டாடும் நாள் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல் நன்று. சைவ இல்லத்துப் பிள்ளையும் இஸ்லாமிய இல்லத்துப் பிள்ளையும் தம் தோழரின் பெருநாளுக்காக ஒரு வெள்ளியோ மணியோ செய்து கொடுப்பது நம் ஊர்களிற் புதிதன்று.

நத்தார்ப் படம் வரையுமாறு கூறினால் நம் வகுப்புச் சிறுவர்கள் பெரும்பாலும் பனிமனிதனையே வரைகின்றனர். ஒக்லாந்திற் பிறந்து வளர்ந்த இவர்களுள் பனியைக் கையால் தொட்டவர் மிகச் சிலரே. கடைகளில் விற்கும் அலங்காரங்கள் வட உலகின் குளிர்காலத்தைக் காட்டுவதால் வந்த விளைவு இது. அதே டிசம்பரில் கடற்கரையோரமெங்கும் செக்கச்செவேலெனப் பூத்து நிற்கும் பொஹூட்டுகாவா மரத்தைப் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். இந்நாட்டவர் அதனையே தம் நத்தார் மரம் என்பர். 1858 டிசம்பரில் 'நொவாரா' என்னும் ஒஸ்திரியக் கப்பலில் இங்கு வந்திறங்கிய புவியியலறிஞர் ஹோக்ஸ்டெட்டர், குடியேறிகள் நத்தார்க் காலத்தில் இம்மரக் கிளைகளால் வீட்டையும் தேவாலயத்தையும் அழகுபடுத்தியதைத் தம் நூலில் எழுதியுள்ளார். (அக்கப்பல் அதே ஆண்டின் முற்பகுதியில் இலங்கையிலும் சென்னையிலும் தங்கிச் சென்றது என்பதை இங்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) பொஹூட்டுகாவா நம் நாவலுக்கும் கொய்யாவுக்கும் உறவான மரம், மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொய்யாப் பூவை நினைவுள்ளோர் அதன் நடுவே நிற்கும் மெல்லிய கேசரங்களையும் நினைவுகூர்வர். பொஹூட்டுகாவாவில் சிவந்து தெரிவன இதழ்களல்ல, அத்தகைய கேசரங்களே.

ஆகவே அப்பூவைச் செய்ய இதழ் வெட்ட வேண்டியதில்லை. 20 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் உள்ள சிவப்புக் கடதாசித் துண்டின் ஒரு நெடுவிளிம்பில், அடியில் ஒன்றரை செ.மீ. விட்டு, சீப்பின் பற்கள்போல நெருக்கமாகக் கத்தரிக்கவேண்டும். பின்னர் அடிப்பக்கத்தை இறுக உருட்டி ஒட்டி, நுனிகளை விரலால் விரித்துவிட்டு, அவற்றில் மஞ்சள் வர்ணம் தொட்டு வைத்தால் மகரந்தமும் ஆயிற்று. இலைக்கு ஒருபக்கம் பச்சையும் மறுபக்கம் வெள்ளையுமான கடதாசியே பொருத்தம். மரத்தின் இலையும் மேலே கரும்பச்சையாய், கீழே வெண்மையான மென்மயிர் படர்ந்து இருப்பதைப் பிள்ளையைக்கொண்டே திருப்பிப் பார்க்கச் செய்யலாம். கத்தரிக்கோல் பிடிக்கப் பழகாத மூன்று, நான்கு வயதினருக்குச் சிவப்புக் கம்பளிநூல் போதும். பெரியவர் ஒருவரின் மூன்று விரல்களைச் சுற்றிப் பிள்ளை முப்பது முறை நூலைச் சுற்றட்டும். சுற்றும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் அவர்தம் வேலை. கழற்றி, நடுவிற் கட்டி, இருபுற வளையங்களையும் பெரியவர் கத்தரித்துவிட்டால் குஞ்சம் பூவாகிவிடும்.

தமிழ்நாட்டில் டிசம்பர் பிறந்ததும் மூங்கிற் சிம்புகளைக் கட்டி, வண்ணக் கடதாசி ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த நட்சத்திரங்கள் வீட்டு முகப்புகளில் ஏறிவிடும். இங்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. டிசம்பரில் ஒக்லாந்தில் சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கு மேலாகின்றது; விளக்கு ஒளிரும் நேரத்தில் சிறியோர் உறங்கச் சென்றிருப்பர். 1993இல் தொடங்கிய ஃபிராங்ளின் வீதி ஒளியலங்காரத்தைக் காண அழைத்துச் சென்றவர்கள் இருள்வதற்காகக் காத்திருந்த பொறுமையை அறிவர். ஆதலால் ஒளியில்லாத வெள்ளியே சிறுவருக்கு ஏற்றது. ஐந்து ஐஸ்கிரீம் குச்சிகளும் பசையும் போதும். ஐந்து முனைகளை நினைவில் நிறுத்துவது கடினம் என்பதால், நாம் வகுப்பில் பிள்ளையைக் கால்களை அகற்றிக் கைகளை விரித்து நிற்கச் சொல்வோம். தலை ஒன்று, கைகள் இரண்டு, கால்கள் இரண்டு. தலையிலிருந்து இடக்காலுக்கு ஒரு குச்சி, தலையிலிருந்து வலக்காலுக்கு ஒரு குச்சி. இடக்காலிலிருந்து வலக்கைக்கு ஒன்று, வலக்காலிலிருந்து இடக்கைக்கு ஒன்று. கடைசிக் குச்சி கைக்கும் கைக்கும் பாலம். முனைகளை ஒட்டி உலர்ந்தபின் வண்ணநூலால் சுற்றிக்கொள்ளலாம். இடம், வலம் என்பன இவ்வாறு கற்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் மறப்பதில்லை.

இனி ஓலை. நாம் மிகவும் விரும்பிச் சொல்ல வந்தது இதனையே.

யாழ்ப்பாணத்திலும், திருச்செந்தூருக்கு அருகிலுள்ள மணப்பாடு போன்ற தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் பனையோலைப் பின்னல் பலருக்குக் கைவந்த கலை. பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி, குழந்தைக்குக் கிலுகிலுப்பை என்று ஓலையில் ஆகாத பொருள் இல்லை. விடுமுறைக்கு இங்கு வந்து தங்கும் அம்மம்மாவோ தாத்தாவோ இக்கலையைக் கையில் வைத்திருக்கக் கூடும். ஆனால் இங்கே பனை இல்லை. பேரப்பிள்ளைக்கோ அவர்களோடு நீண்டு உரையாடத் தமிழ் போதாது. இருவரும் ஒரே அறையில் தொலைக்காட்சியின் முன் மௌனமாய் அமர்ந்திருப்பதைப் பல இல்லங்களிற் கண்டிருக்கின்றோம். அவர்களிடையே வைக்க ஓலை ஒன்று இந்நாட்டிலும் உண்டு. மாவோரி மக்கள் 'ஹரகெகே' என்றழைக்கும் செடியின் வாள்போன்ற நீண்ட இலை அது. நம் வீட்டு வேலியோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் அடர்ந்து வளர்கின்றது. பாயும் பெட்டியும் கயிறும் ஆடையும் மாவோரியர் அதிலிருந்தே செய்தனர்.

அதனை வெட்டுவதற்கு அவர்களிடம் வழிவழி வந்த முறை உண்டு. பிள்ளைக்கு முதலிற் சொல்ல வேண்டியது அதுவே. விசிறிபோல் நிற்கும் இலைத்தொகுதியின் நடுவிலுள்ள குருத்து குழந்தை. அதனை இருபுறமும் அணைத்து நிற்பவை பெற்றோர். இம்மூன்றையும் எக்காரணம் கொண்டும் வெட்டலாகாது. வெளிப்புறத்தே நிற்கும் முதிர்ந்த இலைகள் பாட்டன் பாட்டிமார். அவற்றையே எடுத்தல் வேண்டும். வெட்டும்போது குருத்திலிருந்து வெளிநோக்கிச் சரிவாக வெட்டுவர்; மழை பெய்கையிலும் இரவிலும் வெட்டுவதில்லை. பூந்தண்டு எழுந்த செடியை விட்டுவிடுவதும் பலரது வழக்கம் என்பதால், டிசம்பரிற் பூக்காத செடியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். எஞ்சிய துண்டுகளைச் செடியின் அடியிலேயே இடுவர். பொதுப் பூங்காவிற் கைவைக்காது, சொந்தத் தோட்டத்திலோ அயலவரிடம் கேட்டோ பெறுவதே முறை. பனையில் நாம் குருத்தோலையைத் தேடி எடுப்போம், மென்மையான பின்னலுக்கு அதுவே உகந்தது என்று. இங்கோ குருத்தைத் தொட்டால் அந்த விசிறியே அழிந்துவிடும். இவ்வேற்றுமையைப் பாட்டியே பிள்ளைக்குச் சொல்லலாம்; அல்லது பள்ளியில் மாவோரிப் பாடம் கற்ற பிள்ளை பாட்டிக்குச் சொல்லலாம்.

இலையின் தடித்த நடுநரம்பையும் விளிம்பையும் நகத்தாற் கீறி அகற்றி, ஒன்றரை செ.மீ. அகலத்தில் இரு நீண்ட கீற்றுகள் கிழித்துக்கொள்க. கத்தியின் மழுங்கிய முதுகில் அவற்றை மெல்ல இழுத்தால் துவளும். இது பெரியவர் வேலை. இரு கீற்றுகளின் நுனிகளையும் செங்கோணமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பற்றிக்கொண்டு, கீழே இருப்பதை எடுத்து மேலே மடிக்கவேண்டும். இப்போது மற்றது கீழே வந்துவிடும். அதை எடுத்து மேலே மடிக்கவேண்டும். இதுவே முழு வித்தை. 'கீழே இருப்பதை எடு, மேலே மடி' என்று ஒரு சங்கிலி முடிவதற்குள் பாட்டி பல பத்து முறை சொல்லியிருப்பார். பிள்ளையும் உடன் சொல்லத் தொடங்கியிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையால் இதனைச் செய்ய இயலும். நுனிகளை நூலாற் கட்டி வளைத்து வளையமாக்கிச் செம்பூ ஒன்றைச் செருகினால் வாசற்கதவுக்கு மாலை ஆயிற்று. பச்சை ஓலை சில நாட்களில் வைக்கோல் நிறமாகிச் சற்றே சுருங்கும், அது கெட்டுப்போவதன்று. ஓலை கிடைக்காதோர் கடதாசிக் கீற்றுகளிலும் இதனைச் செய்யலாம். ஆயினும் ஓலையின் மணம் அதில் வராது.

பாலன் குடிலுக்கு உருவங்கள் செய்ய உப்பு மா எளிது. கோதுமை மா இரு பங்கு, உப்பு ஒரு பங்கு, நீர் ஏறத்தாழ ஒரு பங்கு. பிசைந்து உருட்டி ஆடு, மாடு, இடையர் செய்து, 100 பாகை வெப்பத்தில் அடுப்பறையில் இரண்டு மூன்று மணி நேரம் உலரவிடலாம். வீட்டில் நாய் இருப்பின் எட்டாத இடத்தில் வைத்தல் அவசியம். இவ்வளவு உப்பு அதற்கு நஞ்சு. உயிருள்ள காட்சியாக முதற்குடிலை 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்தார் என்பர். சப்பாத்துப் பெட்டி ஒன்று நமக்குக் குடிலாகப் போதும். ஓலை, வளை, குழை என்று ல, ள, ழ மூன்றையும் கைவேலைக்கிடையே சொல்லவைக்க இதைவிட நல்ல தருணம் கிட்டாது.

மணியைக் கடைசிக்கு வைத்தோம். நத்தார் மணி எங்கும் உண்டு. நியூசிலாந்துத் தமிழருக்கோ தனியே ஒரு மணி உண்டு. ஒக்லாந்துக்கு வடக்கே ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவிலுள்ள ஃபங்காரேய்க்கு அருகே, 1836ஆம் ஆண்டளவில், வில்லியம் கொலென்சோ என்னும் கிறிஸ்தவ ஊழியர் மாவோரிச் சிற்றூர் ஒன்றில் வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கண்டார். பெண்கள் அதிற் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தனர். புயலில் வீழ்ந்த மரத்தின் வேரடியில் அது கிடைத்ததாக அவர்கள் கூறினர். உண்மையில் அது விளிம்புடைந்த கப்பல் மணி. சுற்றிவரத் தமிழெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். 13 செ.மீ. அளவேயான அம்மணி இங்கு வந்த வழியை இன்றுவரை எவரும் உறுதியாக நிறுவவில்லை. கொலென்சோ 1899இல் மறைந்தபின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அது, இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. இஸ்லாமியர் ஒருவரின் பெயர் தாங்கி, மாவோரியர் காத்து, கிறிஸ்தவ ஊழியர் ஒருவர் கொண்டுவந்த தமிழ் மணி அது. நம் பிள்ளைகளுள் பலர் இதனைக் கேள்விப்பட்டதே இல்லை.

இதனைச் செய்யத் தேநீர்க் கடதாசிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் ஊசியால் துளையிட்டு, முடிச்சிட்ட நூலைக் கோர்க்கவேண்டும். நூலின் உள்முனையில் பெரிய மணியொன்றோ சலங்கையொன்றோ கட்டினால் நாக்கு ஆயிற்று. கிண்ணத்துக்கு வெண்கல நிறம் தீட்டி உலரவிட்டு, அதற்குள் நீண்ட கடதாசிப் பட்டை ஒன்றில் பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதட்டும். வெறும் பெயராக அன்றி, பழைய மணியைப் போலவே 'மாறனுடைய மணி', 'கயல்விழியுடைய மணி' என்று எழுதவேண்டும். ஆறாம் வேற்றுமையின் பெயரைச் சொல்லாமலே 'உடைய' என்பதன் பயனை ஆறு வயதுப் பிள்ளை அறிந்துகொள்ளும். பட்டையைத் தட்டையாக மேசைமீது வைத்து எழுதியபின்னரே கிண்ணத்தைச் சுற்றி ஒட்டுதல் வேண்டும். வளைந்த பரப்பில் எழுதச் சிறுகைகளுக்கு இயலாது. எழுத்துகள் பெரியனவாய், பட்டை 3 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். கூரை நிழலுள்ள இடத்திற் கட்டினால் மழையிலும் மை கலையாது. காற்றுக்கு ஒக்லாந்திற் குறைவில்லை.