செங்காந்தள்: எடையும் குணமும்

பஞ்சை எடையால் மட்டும் மதிப்பவர் பீளமேட்டில் எவரும் இலர். இழையின் நீளம் யாது, வலிமை யாது என்று கண்ட பின்னரே விலை பேசுவர். கருங்கண்ணியையும் கம்போடியாவையும் ஒரே பொதியில் கலந்தால் மதிப்புக் கெடும் என்பது நம் அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. ஆயினும் மூலிகைப் பயிரை விற்கும்போது இவ்விவேகத்தை நாம் மறந்துவிடுகிறோம். செங்காந்தள் இதற்குத் தக்க சான்றாகும்.

தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பகுதிகளில் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கப்படும் இக்கொடியைக் கண்வலிக்கிழங்கு என்றும், கிழங்கின் வடிவம் பற்றிக் கலப்பைக்கிழங்கு என்றும் வழங்குவர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. இதன் விதையிலுள்ள கோல்ச்சிசின் என்னும் காரப்பொருளுக்காகவே வெளிநாடுகள் இதனை வாங்குகின்றன. இப்பொருளை இதன் ஐரோப்பிய உறவுச் செடி ஒன்றிலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் பிரித்தெடுத்தனர். மூட்டுகளைத் தாக்கும் 'கவுட்' என்னும் வாதநோய்க்கு இது நெடுங்கால மருந்து. 2023-இல் அமெரிக்க அரசு இருதய நோயாளர் சிலருக்கும் இதனைச் சிற்றளவில் வழங்க அனுமதித்தது.

இப்பொருள் எல்லாக் கொடிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பிறவி. இப்பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்கும். ஆதலின் பிற கொடியின் மகரந்தம் சேர்வதற்கு இடமுண்டு. அவ்வாறு உண்டாகும் விதையின் வழித்தோன்றல்கள் தாயை முற்றிலும் ஒத்திரா. மேலும் இவ்வினத்தில் 22 குரோமோசோம்கள் உடையனவும், 44, 88 உடையனவும் உண்டு. குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் ஆற்றல் இதே கோல்ச்சிசினுக்கு இருப்பதை 1937-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர் என்பதும் நினைக்கத்தக்கது.

இரண்டாவது, பெருக்கும் முறை. விதையிலிருந்து வளரும் செடி பூக்கச் சில ஆண்டுகள் ஆவதால் நாம் கிழங்கையே நடுகிறோம். கிழங்கு வழி வருவது தாயின் அச்சே. நல்ல தாய் நல்லதையே பெருக்கும். குணம் குன்றியதும் அவ்வாறே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். பல மலைகளிலிருந்து வந்த கிழங்குகள் ஒரு வயலில் கலந்திருப்பின், அவ்வயலின் விதையும் கலப்படமானதே.

மூன்றாவது, மண், நீர், காய் முதிர்ச்சி, உலர்த்தும் முறை ஆகியவை. முற்றாத காயைப் பறிப்பதாலும், ஈரம் போகாத விதையைக் கட்டி வைப்பதாலும் நல்ல சரக்கும் கெடும்.

கொடியின் செழிப்பையோ பூவின் அழகையோ கண்டு இப்பொருளின் அளவை அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில்தான் அளக்க வேண்டும். வாங்குபவர் அளந்து பார்க்கிறார். விற்கும் நாமோ அறியாமல் விற்கிறோம். விலை பேசும்போது நம் கை தாழ்வதற்கு இதுவும் ஒரு காரணமன்றோ? தனியொருவருக்குச் சோதனைச் செலவு பாரமாகலாம். பலர் கூடின் அது எளிது.

ஆகவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை இவை: கிழங்கு வந்த இடத்தைக் கணக்கில் எழுதி வைத்தல், வெவ்வேறு இடத்துக் கிழங்கை வெவ்வேறு பாத்தியில் நடுதல், விதையைத் தனித்தனியே உலர்த்திப் பெயரிட்டு வைத்தல், மாதிரிகளைக் கூட்டாகச் சோதித்து, சிறந்த தாய்க்கொடிகளின் கிழங்கைத் தம்முள் பகிர்ந்துகொள்ளுதல். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பயிர்களுக்கெனத் தனித்துறை உள்ளது. அதன் ஆலோசனையையும் நாடலாம்.

காட்டுக் கிழங்கைத் தோண்டி எடுக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். நாளை நமக்கு வேண்டிய உயர்ந்த குணம் எந்தக் குன்றின் கொடியில் மறைந்துள்ளதோ, யார் அறிவர்? அழிந்த வகையை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது.

ஓர் எச்சரிக்கை. இச்செடி முழுதும் கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கெனத் தவறாகக் கருதித் தின்று உயிரிழந்தோர் உளர். விதையையும் கிழங்கையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். கையாண்டபின் கைகளை நன்கு கழுவுங்கள்.

எடையைத் தராசு காட்டும். குணத்தை நாம் கூடி அறிந்தாலன்றி உழைப்புக்கேற்ற விலை கைகூடாது.