கோலார் தந்த ஓட்டக்காரர்

கோலார் தங்கவயலை எல்லோருக்கும் தெரியும். கர்நாடகத்தில் உள்ள ஊர் அது. வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து ஏராளமான தமிழர்கள் அங்கே பிழைக்கப் போனார்கள். பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சுரங்கம் போனது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அந்த ஊரில் 1940 ஏப்ரல் 20-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் கென்னத் பவல். பிற்காலத்தில் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் ஓடியவர் இவர்தான்.

பள்ளிப் படிப்புக்குப் பிறகு பவல் பெங்களூர் வந்தார். அங்கே ஐ.டி.ஐ. என்னும் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையும் பார்த்தார், ஓட்டமும் பழகினார்.

ஓடினால் பணம் கிடைக்குமா? அந்தக் காலத்தில் கிடைக்காது. பணம் வாங்கிக்கொண்டு விளையாடியவருக்கு ஒலிம்பிக்கில் இடம் இல்லை. பணத்துக்காக இல்லாமல் விளையாடுபவரை ‘அமெச்சூர்’ என்பார்கள். இந்த விதி மிகக் கடுமையானது. 1912-இல் அமெரிக்காவின் ஜிம் தோர்ப் இரண்டு தங்கப் பதக்கம் வென்றார். அதற்கு முன் அவர் கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியது தெரியவந்தது. பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான், 1982-இல், அந்த முடிவு மாற்றப்பட்டது.

ஆகவே பவல் போன்றவர்களுக்கு வேலைதான் சோறு போட்டது. ஓட்டம் அவர்களது ஆசை.

1964-இல் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே குர்பச்சன் சிங் ரந்தாவா 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். வழியில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றையும் தாண்டி ஓடவேண்டும். அவர் ஐந்தாவதாக வந்தார். பவல் தனியாக ஓடிய ஓட்டங்களில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் தொடர் ஓட்டம் மிச்சம் இருந்தது.

தொடர் ஓட்டம் என்றால் என்ன? வீடு கட்டும் இடத்தில் செங்கலைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தவறவிட்டால் வரிசையே நின்றுபோகும். இதுவும் அப்படித்தான். நான்கு பேர், ஆளுக்கு 100 மீட்டர். கையில் ஒரு சிறு தடி. அதைக் குறித்த எல்லைக்குள் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். எல்லை தாண்டிக் கொடுத்தால் அந்த அணியே போட்டியிலிருந்து நீக்கப்படும்.

பவல், மக்கன் சிங், அந்தோணி குடின்ஹோ, ராஜசேகரன் ஆகிய நால்வரும் சேர்ந்து ஓடினார்கள். இந்திய அணி அரையிறுதி வரை சென்றது. தனியே முடியாதது நால்வர் சேர்ந்தபோது முடிந்தது.

1965-இல் பவலுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1970-இல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அங்கே தொடர் ஓட்டத்தில் இந்திய அணி வெண்கலம் வென்றது. பவலும் அந்த அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 30. 2022 டிசம்பரில் பெங்களூரில் அவர் காலமானார்.

இன்று விதி மாறிவிட்டது. ஓட்டக்காரர்கள் பரிசுப் பணம் வாங்கலாம், அது தவறில்லை. உங்கள் ஊரிலும் வேகமாக ஓடும் பையனோ பெண்ணோ இருக்கலாம். வேலைக்குப் போகும் வயதிலும் அவர்கள் ஓட முடியுமா? அவர்களுக்குக் கொஞ்சம் நேரமும் ஒரு மைதானமும் வேண்டும். அதற்கு நாம் என்ன செய்யலாம்? கூடிப் பேசுங்கள்.